வியாழக்கிழமைக்கே போட்டுருங்க டீச்சர்

பேசாம ஓட்டுங்க, பேசாம ஓட்டுங்கன்னா எப்படி டீச்சர்? வாய மூடுனா எனக்குக் காலு நடுங்குது. வாய் ஓடிக்கிட்டு இருந்தாத்தான் காலு கிளட்ச்சு மேல அடக்கமா கெடக்கு. நீங்களே பாருங்க, டிரைவிங் ஸ்கூல் கேட்டத் தாண்டி இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஒரு தடவையாவது இஞ்சின் செத்துச்சா? சாகலல்ல? அதுக்குக் காரணம் இந்த வாய்தான்.

பாத்தேன், பாத்தேன். நடுக் கண்ணாடியும் பாத்தேன், சைடு கண்ணாடியும் பாத்தேன். பின்னால ஒரு மோட்டோ வருது. போகட்டும்லா, அவனுக்கு என்ன அவசரமோ. போ தம்பி, நீ முன்னால போ.

நா சொல்றது என்னன்னா, வியாழக்கிழமை டெஸ்ட்டுக்கே என் பேரப் போட்டுருங்க. அடுத்த மாசம் அடுத்த மாசம்னு சொல்லாதீங்க. போன தடவ அந்த மேட்டுல நிறுத்தி எடுக்கும்போது காரு பின்னால உருண்டுச்சு, ஒத்துக்கறேன். டெஸ்ட்டு எடுக்குற அந்த ஜேபிஜே ஆபீசரு கையில இருந்த அட்டைய நெஞ்சோட சேத்துக் கட்டிப்புடிச்சிக்கிட்டு ஒரு குதி குதிச்சாரு பாருங்க, அதப் பாத்ததுல எனக்கு எல்லாம் மறந்து போச்சு. அவரு குதிக்காம நின்னுருந்தா நா ஏறியிருப்பேன். சிரிக்காதீங்க டீச்சர். நீங்க சிரிச்சா எனக்கும் சிரிப்பு வரும், அப்புறம் வண்டி கோணிக்கிட்டுப் போயிரும்.

இந்த சிம்பாங்ல எந்தப் பக்கம் திரும்பணும்? நேராவா? சரி, நேரா.

ஆமா, வந்துருச்சு. எங்க வீட்டுக்காரருக்கு லைசென்ஸ் திரும்ப வந்து ஒரு மாசம் ஆகப் போவுது. தடை முடிஞ்சு, மறுபடியும் கிளாஸுக்குப் போயி, சின்னச் சின்னப் பிள்ளைங்களோட வரிசையில நின்னு டெஸ்ட்டு எழுதி. இல்ல, உங்க ஸ்கூல் இல்ல, ஈப்போவுல வேற ஒண்ணு. இங்க பத்து காஜா ஊருல அவருக்கு எல்லாரையும் தெரியும், வெக்கம். வீட்ல ஓட்டுறதுக்கு ஆளு இருக்கும்போது இந்த வயசுல நீங்க எதுக்குக்கா இப்படி அடிச்சுப் புடிச்சுக்கிட்டு வாரீங்கன்னு ஆபீஸ்ல இருக்குற பொண்ணும் கேட்டா. நீங்களும் கேக்குறீங்க. ஞாயமான கேள்விதான். சொல்றேன். முதல்ல இந்த மணல் லோரி போகட்டும், அது பக்கத்துல வந்தா எனக்கு மூச்சு அடைக்குது.

அப்பாடா.

இவரும் லோரிதான் டீச்சர். பத்து சக்கர லோரி. ஜொகூர்ல இருந்து சியாம் எல்லை வரைக்கும் ஓட்டுனவரு. ஜெயபாலன்னு சொன்னா இந்தப் பக்கத்து லோரிக்காரங்க எல்லாருக்கும் தெரியும். மொதலாளி தவுக்கே பத்துப் பேர வச்சிருந்தாலும் கண்ணாடி சாமான்னா இவரத்தான் கூப்பிடுவாரு. ஒண்ணு உடையாது. லோரியில ஏறுனா ஒரு சொட்டு தொடமாட்டாரு, அது வேற. லீவு நாள்ல, கல்யாணம், கருமாதி, திருவிழான்னு வந்துட்டா போதும். அப்ப ஓட்டுறது லோரி இல்லல்ல, நம்ம சொந்தக் காருதானே. அதுதான் அவரு கணக்கு. எங்கப்பாவும் குடிச்சாருதான். தோட்டத்துல கள்ளுக்கடையில குடிச்சிட்டு ஆடிக்கிட்டே நடந்து வருவாரு, வழியில வேலியில விழுந்தா வேலிக்குத்தான் நஷ்டம். அவருகிட்ட காரா இருந்துச்சு?

மூணாவது கியரா? போடவா? கிளட்ச்சு... போட்டேன். பாத்தீங்களா, சத்தமே வரல.

எங்க அண்ணன் மகன் தனேஷு கல்யாணம் டீச்சர். தம்புன் பக்கம் ஒரு மண்டபம், பகல் சாப்பாடு. நானு, இவரு, மக குமுதா, மூணு பேரும் போனோம். குமுதா அப்ப ஸ்கூல்ல கடைசி வருசம், பாரம் ஃபைவ் படிச்சிக்கிட்டு இருந்தா. உள்ள பந்தி நடக்குது, வெளிய காரு நிறுத்துற எடத்துல ஒருத்தரு காரு பின்கதவு தொறந்து கெடக்கு. ஆம்பளைங்க ஒவ்வொருத்தரா எந்திரிச்சு வெளிய போறதும், மூஞ்சிய தொடச்சிக்கிட்டு உள்ள வாரதும். உங்களுக்குத் தெரியாதா, எல்லாக் கல்யாணத்துலயும் நடக்குறதுதானே. இவரு வரும்போது ரொம்ப சந்தோசமா வந்தாரு. பொண்ணு மாப்பிள்ளைக்கு ரெண்டு தடவ மொய் குடுக்கப் போனாரு. நா கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன்.

காருல ஏறும்போது சொன்னேன், கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போலாம், காபி குடிங்கன்னு. அவருக்கு அதுதான் புடிக்காது. நா ஜொகூர் வரைக்கும் ஓட்டுனவன், என்னைய உக்காரச் சொல்றியான்னாரு. சாயங்காலம் நாலு மணி வெயிலு. பொம்பளைங்க நாங்க ரெண்டு பேரும் ஏறுனோம். வேற என்ன பண்ணுறது சொல்லுங்க, எனக்கு ஓட்டத் தெரிஞ்சாத்தானே.

அந்த ரோட்டோரம் பூராவும் பொமெலோ பழக்கடைங்க இருக்கும்ல, பச்சைப் பச்சையா வலையில கட்டித் தொங்க விட்டுருப்பாங்க. ஒரு வளைவு. ரொம்பப் பெரிய வளைவுகூட இல்ல. நேரா போயி ஒரு கடைக்குள்ள வுட்டாரு.

இல்ல, இல்ல. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதத்தான் நா இன்னிக்கும் நெனச்சு நெனச்சுக் கும்பிடுறேன். கடைக்கார மலாய்ப் பெரியவரு, பாக்சிக், அப்பத்தான் பின்னால தண்ணி எடுக்கப் போயிருந்தாரு. பெரிய குடை எங்க கண்ணாடி மேல சாஞ்சிருச்சு, உள்ள ஒரே இருட்டு. எனக்கு என்னமோ செத்துட்டோம்னே தோணுச்சு. அப்புறம் தட்டு தட்டுன்னு சத்தம். காரு கூரை மேல ஒவ்வொரு பழமா விழுது. நா கதவத் தொறந்து எறங்குனேன். பாக்சிக் கையில தண்ணி வாளியோட நிக்கிறாரு. கத்தல, திட்டல. எங்களக்கூடப் பாக்கல. காரு சக்கரத்துக்கு அடியில அவரு பிளாஸ்டிக் நாற்காலி நசுங்கிக் கெடக்கு டீச்சர். காலையில இருந்து அதுலதான் உக்காந்திருக்காரு. அதையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு.

பழமெல்லாம் ரோட்டுல உருளுது. எங்க குமுதா கல்யாணத்துக்குக் கட்டுன புடவையோட நடு ரோட்டுல குனிஞ்சு குனிஞ்சு பழம் பொறுக்குறா. காருங்க ஹார்ன் அடிக்குது. வாடி, வாடிங்கிறேன், வரல. ஒவ்வொண்ணா கொண்டாந்து அந்த பாக்சிக் காலடியில வைக்கிறா. அழுவல. அழுதிருந்தாக்கூட பரவாயில்ல.

பாத்து ஓட்டுறேன் டீச்சர், பாத்துதான் ஓட்டுறேன். பிரேக் அடிக்கணுமா? அந்த மாடா? அது ஓரமாத்தானே நிக்கிது. சரி, கால எடுத்து பிரேக்குல வச்சுக்கறேன். இந்தா, தாண்டிட்டோம்.

மாத்தா வந்தாங்க, போலீசு. ஊதச் சொன்னாங்க, ஊதுனாரு. அந்த மிசின்ல என்ன காட்டுச்சோ, மாத்தா ஒருத்தர ஒருத்தரு பாத்துக்கிட்டாங்க. இவரு இன்னும், எனக்கு ஒண்ணுமில்ல சார், தூக்கம்தான் சார்னு மலாய்ல சொல்லிக்கிட்டே இருக்காரு. கையில விலங்கு போட்டாங்க. மாத்தாப் பொண்ணு ஒண்ணு, நல்ல பொண்ணு, எங்கிட்ட வந்து, அக்கா, காரு ஓடுற நெலமையிலதான் இருக்கு, உங்களுக்கு ஓட்டத் தெரியுமான்னு கேட்டா. தெரியாதுன்னேன். மகளுக்கு? அவ சின்னப் பிள்ள. அப்ப வீட்டுக்கு எப்படிப் போவீங்கன்னா. ஓட்டத் தெரியலையேன்னு அன்னிக்குத்தான் மனசுல தச்சுச்சு. பட்டுப் புடவையும் தலையில பூவுமா ரெண்டு பேரும் ரோட்டோரம் நிக்கிறோம். கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரங்க காருங்க ஒவ்வொண்ணா எங்களத் தாண்டிப் போவுது. பாக்குறாங்க. பாத்துட்டு மெதுவாப் போறாங்க. நிறுத்துனா அவங்களையும் ஊதச் சொல்லுவாங்கள்ல, எவன் நிறுத்துவான்?

ஒரு ராத்திரி போலீசு பாலாய்லயே வச்சிருந்தாங்க. மறுநாள் எங்க அண்ணன் போயி ஜாமீன்ல எடுத்தாரு. அப்புறம் கோர்ட்டு. ஈப்போ கோர்ட்டுல வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கோம், பக்கத்துல எல்லாம் இதே மாதிரி கேசுங்க. சீனன், மலாய்க்காரன், நம்மாளு, எல்லாரும் நல்ல சட்ட போட்டுக்கிட்டு, தலைய சீவிக்கிட்டு. பாத்தா யாரும் குடிகாரன்னு சொல்ல முடியாது. எல்லாரும் பேங்க்குக்கு வந்தவங்க மாதிரி உக்காந்திருக்காங்க.

மேஜிஸ்திரேட்டு ஒரு பொண்ணு டீச்சர். எங்க குமுதாவுக்கு அக்கா மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இவரு குற்றத்த ஒத்துக்கிட்டாரு. வக்கீலு சொன்னாரு, ஒத்துக்கிட்டா கொறைப்பாங்க, ஜெயில் இருக்காதுன்னு. அப்ப சர்க்கார் வக்கீலு போட்டாவெல்லாம் நீட்டுனாரு. அதுல அந்த நாற்காலி. அந்தப் பொண்ணு ரொம்ப நேரம் அதையே பாத்துச்சு. அப்புறம் தல நிமிந்து, இதுல உக்காந்திருந்தவர் எங்கன்னு கேட்டுச்சு. மொழிபெயர்க்குறவரு தமிழ்ல சொல்றாரு. இவருக்கு மலாய் தெரியும், ஆனாலும் அவரு தமிழ்ல சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாரு. தண்ணி எடுக்கப் போயிருந்தாருங்கம்மான்னாரு. அந்தத் தண்ணிதான் உங்களக் காப்பாத்துச்சுன்னு சொல்லுச்சு அது. அபராதம் போட்டாங்க, என் நகையெல்லாம் அதுல போச்சு, அத விடுங்க. லைசென்ஸ் ரெண்டு வருசத்துக்குக் கெடையாதுன்னுட்டாங்க. கூண்டுல கையக் கட்டிக்கிட்டு நின்னாரு பாருங்க. ஸ்டேரிங்கப் புடிச்சுப் புடிச்சு காச்சுப்போன கையி.

டிராபிக் லைட்டு மேரா, செவப்பு. நிறுத்துறேன். கோட்டுக்கு முன்னாலயே நிறுத்திட்டேன், பாத்தீங்கள்ல? ஹேண்ட் பிரேக். நியூட்ரல். இப்ப நிம்மதியாப் பேசலாம்.

தவுக்கே நல்ல மனுசன்தான். ஆனா லைசென்ஸ் இல்லாதவன லோரியில ஏத்த முடியுமா? கட்டடக் காவலுக்கு வாரியான்னு கேட்டாரு, இவரு வரமாட்டேன்னுட்டாரு. தமிழ்ப் பேப்பர்ல பேரோட போட்டுட்டாங்க வேற. எங்க குடியிருப்பு தாமான்ல இவரு பால் வாங்கப் போனாக்கூட கடையில நிக்கிறவனுங்க பேச்ச நிறுத்துறானுங்க. நா ஆஸ்பத்திரியில துணி வெளுக்குற வேலைக்குப் போறேன்லா, எனக்கு ஷிஃப்ட்டு. இவரு பூரா நாளும் வீட்ல. ஞாயித்துக்கிழமையானா காரு மேல மூடியிருக்குற துணிய எடுத்து, கழுவித் தொடச்சு, உள்ள உக்காந்து இஞ்சின ஓட விடுவாரு. ஓட்ட மாட்டாரு. சும்மா உக்காந்திருப்பாரு. அப்புறம் நிறுத்திட்டு மறுபடியும் துணியப் போட்டு மூடிருவாரு. பாத்தா பிரேதத்துக்குப் போத்துற மாதிரியே இருக்கும்.

ஆட்டோ காருக்கு எடுத்தா லேசா பாஸாயிரலாம்னு முதல் நாளே சொன்னீங்க, நாந்தான் கேக்கல. வீட்ல இருக்குறது பழைய சாகா காரு டீச்சர், கையால கியர் போடுறது. எனக்கு அந்தக் காருதான் ஓட்டணும்.

பச்ச விழுந்துருச்சு. போறேன், போறேன். ஹார்ன் அடிக்கிறான் பாருங்க, ஒரு பொம்பள ஓட்டக் கூடாதே. கிளட்ச்சு, முதல் கியரு, ஹேண்ட் பிரேக்க எடுத்து... போயிருச்சு! இதுவும் கொஞ்சம் மேடுதானே? மேடுதான். உருண்டுச்சா? ஒரு இஞ்ச்சு உருளல. இதையே வியாழக்கிழமையும் பண்ணுவேன்.

அவருக்குப் பஸ்ல போகத் தெரியாது, தெரியுமா? நாட்ட ரெண்டாப் பொளந்து ஓட்டுன ஆளு, முதல் தடவ ஈப்போவுக்குப் பஸ்ஸு ஏறும்போது எறங்குறதுக்கு எந்த பட்டன அமுத்தணும்னு தெரியல. எறங்க வேண்டிய எடத்தத் தாண்டி ரெண்டு ஸ்டாப்பு போயி வெயில்ல நடந்து வந்தாரு. நா சிரிச்சேன், அவரும் சிரிச்சாரு. அப்பத்தான் ரொம்ப நாள் கழிச்சு அவரு சிரிச்சதப் பாத்தேன்.

அன்னிக்கு எங்க போனாரு தெரியுமா? அந்தப் பழக்கடைக்கு. மூணு பஸ்ஸு மாறி. கையில ஒரு புது நாற்காலியத் தூக்கிக்கிட்டு. நா சொல்லல டீச்சர், யாரும் சொல்லல, அவரா வாங்கிட்டுப் போனாரு. அந்த பாக்சிக் இவரையே அந்த நாற்காலியில உக்கார வச்சு, பழம் உரிச்சுக் குடுத்தாராம். 

அதுக்கப்புறம் தாவூத் பாய் கூப்பிட்டாரு. ஈப்போவுல கடை வச்சிருக்காரு. முன்ன லோரி நிறுத்தி சாப்பிடுற கடை. வா ஜெயபாலா, தே ஆத்துறதுக்கு ஆள் இல்லன்னாரு. நாப்பது டன் இழுத்த கையி, கிளாஸ் புடிச்சு தே இழுத்துச்சு. முதல்ல கூசுனாரு. பழைய லோரிக்காரனுங்க வந்து, என்னாண்ணே இங்கன்னு கேப்பானுங்கள்ல. அப்புறம் பழகிருச்சு. அந்தக் கடையில தண்ணி கெடையாது, தாவூத் பாய் வாசன பட்டாலே வெளிய அனுப்பிருவாரு. காலையில பஸ்ஸு, சாயங்காலம் பஸ்ஸு. வரும்போது எனக்கு ரொட்டி சானாய் பொட்டலம் கட்டி தாப்பாவ் பண்ணிக்கிட்டு வருவாரு. ராத்திரி சாப்பிட்டுட்டு ரெண்டு பேரும் தாமான் ரோட்ட ஒரு சுத்து நடப்போம்.

சொன்னா சிரிப்பீங்க. அந்த ரெண்டு வருசந்தான் டீச்சர் எங்க வீடு வீடா இருந்துச்சு. லைசென்ஸ புடுங்குன கவர்மெண்டுக்குக் கோயில் கட்டலாம்னு இருக்கும் எனக்கு. இத யாருகிட்ட சொல்ல முடியும்? ஐயோ பாவம், புருசன் வேலை போச்சேன்னு வந்து துக்கம் விசாரிக்கிறாங்க. நா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு ஆமாக்கா, என்னா செய்யிறதுங்கிறேன். உள்ள என்னடான்னா மனுசன் சுத்தமா வீட்டுக்கு வாராரு.

குமுதாதான். அவ மட்டுந்தான் மாறல. பரிச்ச முடிஞ்சதும் லூமுட்டுக்கு வேலைக்குப் போயிட்டா, படகு ஜெட்டி பக்கத்துல ஒரு ஹோட்டல்ல. போற அன்னிக்கு இவரு சொல்றாரு, அப்பாவால கொண்டுவந்து விட முடியலையேம்மான்னு. அவ பைய தோள்ல மாட்டிக்கிட்டே, பரவாயில்லப்பா, பஸ்ஸுன்னா பயமில்லாமப் போலாம்னுட்டா. அவ்வளவுதான் சொன்னா. இவரு அந்த வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தாரு. பஸ்ஸு போன பின்னாலயும் நின்னாரு. அதுக்கப்புறம் வருசத்துக்கு ரெண்டு தடவ வருவா, பஸ்ல வருவா, பஸ்ல போவா. அண்ணன் காருல ஏத்திவிட்டாக்கூட பின்னாடி உக்காந்து பெல்ட்டப் போட்டுக்கிட்டு வெளியவே பாத்துக்கிட்டு வருவா. அந்தப் பிள்ள மனசுல என்னென்ன உருண்டுக்கிட்டு இருக்கோ.

இங்க ரைட்டா? சிக்னல் போட்டேன். எதுக்க வாரவன் போகட்டும். இன்னொருத்தன். இப்பப் போலாமா? போறேன்... திருப்பிட்டேன். பெரிசாத் திருப்பிட்டேனோ? கொஞ்சம் பெரிசுதான். அடுத்த தடவ பாத்துக்கறேன்.

போன மாசம் லைசென்ஸ் கையில வந்துச்சு. அதப் பாக்கணுமே நீங்க. சாமி படத்துக்கு முன்னால வச்சு, சூடம் காட்டி, பையில போட்டுக்கிட்டாரு. காரு மேல இருந்த துணிய மடிச்சு உள்ள வச்சுட்டாரு. முதல்ல என்னைய ஏத்திக்கிட்டுக் கோயிலுக்குத்தான் போனாரு. நாப்பதுல போறாரு, பின்னால பத்துக் காரு வரிசையா வருது. எனக்கு என்ன சந்தோசம்ங்கிறீங்க. தவுக்கேகூட போன் போட்டாரு, தீவாளி முடிஞ்சு வா பேசலாம்னு.

நா குமுதாகிட்ட போன்ல சொன்னேன். அப்பா நல்லா ஓட்டுறாருடி, பொறுமையா ஓட்டுறாருன்னு. மறுநாள் அவளே கூப்பிட்டா. சனிக்கிழம லீவு போட்டுருக்கேன்மா, தீவாளிக்கு வாரேன், அப்பாவ வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்கன்னா. போன ஸ்பீக்கர்ல போட்டுருந்தேன். இவரு வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தாரு, அப்படியே கத்திய வச்சுட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு டீச்சர், அப்பா வரட்டும்னு அவ வாயால சொல்லி.

இந்தச் சனிக்கிழமைதான். ஆமா. வாரது. வியாழக்கிழம நா பாஸானா வெள்ளிக்கிழம எனக்கு புது டிரைவருக்குக் குடுக்குற பி லைசென்ஸ் கெடச்சிரும்லா?

லூமுட்டுக்குத்தான். நாந்தான் போறேன். தூரம்தான், தெரியும். மெதுவாப் போவேன். விடியும்போதே கெளம்பிருவேன். ஹைவேயில ஏறமாட்டேன். புது டிரைவரு அவ்வளவு தூரம் போகக் கூடாதுன்னு சொல்லுவீங்க, நீங்க சொல்றது சரிதான். அண்ணனப் பக்கத்துல உக்கார வச்சுக்குறேன், போதுமா? ஓட்டுறது நானா இருக்கணும், அவ்வளவுதான். அம்மா உனக்காகக் கத்துக்கிட்டேன்டி, அப்பாவுக்கே சொல்லல, உனக்கு சர்ப்ரைசுன்னு சொல்லிக்கலாம். அவ நம்புவா. சிரிப்பா.

பஸ்ல வாடின்னு சொல்லலாமேங்கிறீங்க. சொல்லலாம். ஏம்மான்னு கேப்பா. நா என்ன சொன்னாலும் அவளுக்குப் புரிஞ்சிரும். அப்புறம் அவ தீவாளிக்கு இல்ல, எதுக்குமே வரமாட்டா.

ஓரமா நிறுத்தவா? ஏன், ஒழுங்காத்தானே ஓட்டுறேன். கண்ணா? ஒண்ணுமில்ல, ஏர்கோன் காத்து. சரி, நிறுத்துறேன். சிக்னல் லெஃப்ட்டு. கண்ணாடி. பிரேக். ஹேண்ட் பிரேக்கும் போட்டுட்டேன்.

போன வாரம் டீச்சர். செவ்வாக்கிழம. பாசாருக்குப் போறேன்னு காருல போனாரு. தீவாளிக்கு எண்ணெ, மாவு, கடல எல்லாம் சொல்லிவிட்டுருந்தேன். பொழுது சாயிற நேரத்துல வந்தாரு. நா ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன். காரு நிறுத்துனாரு, நல்லாத்தான் நிறுத்துனாரு. எறங்குனாரு. நேரா உள்ள வரல. செடிக்குத் தண்ணி ஊத்துற பைப்பத் தொறந்து வாய் கொப்பளிச்சாரு. ஒரு தடவ. அப்புறம் இன்னொரு தடவ. மூஞ்சியக் கழுவுனாரு. உள்ள வந்து சாமானையெல்லாம் மேசையில வச்சாரு, எதையும் மறக்கல, எல்லாம் சரியா இருந்துச்சு. குளிச்சிட்டு வாரேன்னு போயிட்டாரு. என் பக்கத்துல வரல. நானும் அவரு பக்கத்துல போகல.

எனக்குத் தெரியாது டீச்சர். சத்தியமாத் தெரியாது. வெயிலுக்கு வாய் காஞ்சிருக்கலாம். பாசார்ல எதையாவது தின்னுருக்கலாம். ரெண்டு வருசம் சுத்தமா இருந்த மனுசன ஒரு வாய் தண்ணிய வச்சு சந்தேகப்பட்டா அது பாவம் இல்லையா? கேக்கலாம். கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாரு. இல்லன்னு சொன்னா நா நம்பணும், நம்பலன்னா சண்ட போடணும். ரெண்டுக்கும் எங்கிட்ட தெம்பு இல்ல. அதனால அவரு குளிச்சிக்கிட்டு இருக்கும்போது ஆணியில மாட்டியிருந்த காரு சாவிய எடுத்து என் பைக்குள்ள போட்டுக்கிட்டேன். அவ்வளவுதான் செஞ்சேன். வந்து பாக்கட்டும், சாவி எங்கடி கலாதேவின்னு கத்தட்டும், நாந்தான் ஒண்ணும் பண்ணலையே, எதுக்கு எடுத்தன்னு சண்டைக்கு வரட்டும். அப்ப தெரிஞ்சிரும்ல, அவரு மேல தப்பில்லன்னு.

மறுநாளு ஆணியப் பாத்தாரு. நா அடுப்படியில இருந்து பாத்துக்கிட்டு இருந்தேன். பாத்துட்டு, கொடைய எடுத்துக்கிட்டு, பஸ்ஸுக்கு நடந்து போயிட்டாரு. அன்னில இருந்து தெனமும் பஸ்லதான் கடைக்குப் போறாரு, பஸ்லதான் வாராரு. எனக்கு ரொட்டி சானாய் வாங்கிட்டு வாராரு. சனிக்கிழம எத்தன மணிக்கு வருவீங்கன்னு குமுதா போன்ல கேக்குறா, காலையிலயே வந்துருவோம்மான்னு சொல்றாரு. காருக்குள்ளகூடப் போகல. ஆணி வெறும் ஆணியா இருக்கு, அதத் தாண்டித்தான் தெனம் சட்ட மாட்டப் போறாரு.

சாவி எங்கன்னு ஒரு வார்த்த கேக்கல டீச்சர். கேட்டிருந்தா குடுத்திருப்பேன்.